சட்டைக்குள் தவித்த விசில்

கல்லூரி வாலிபால் கோச்சின் கழுத்தில் தொங்கிய விசிலுக்கு ஒரே கொள்கைதான்: தப்பு நடப்பதற்கு முன்பே ஊதிவிட வேண்டும். பயிற்சியில் பந்து கொஞ்சம் கோணலாக எழும்பினாலும் அலறிவிடும். பிள்ளைகள் அப்படியே நின்று கோச்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வந்து திருத்திய பிறகுதான் ஆட்டம் நகரும்.

"ஒரு தடவையாவது என்னைத் தரையில விழ விடேன். விழுந்தாத்தானே அவங்களுக்கு எடுக்கத் தெரியும்" என்று பந்து கெஞ்சும்.

"நீ விழறதைப் பாக்கவா இத்தனை வருஷமா இந்தக் கழுத்துல தொங்கறேன்?" என்று விசில் சீறும்.

அந்த வருடம்தான் அணி முதன்முதலாக இறுதிப் போட்டிக்கு வந்தது. அங்கே ஊதும் உரிமை நடுவரின் விசிலுக்கு மட்டும்தான். நம் விசில் கோச்சின் சட்டைக்குள் வியர்வையில் நனைந்து கிடந்தது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அதன் வயிற்றுக்குள் இருந்த தக்கை உருண்டை கடகடவென்று நடுங்கியது.

கடைசிப் புள்ளி. அதை விட்டால் கோப்பை போச்சு. எதிரணி தட்டிவிட்ட பந்து, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே சாவகாசமாக இறங்கியது. 'எடுங்கடா, எடுங்கடா' என்று விசில் தவித்தது. இரண்டு பேரும் அப்படியே நின்று கோச்சின் கழுத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொத்தென்று விழுந்த பந்து, உருண்டு வந்து கோச்சின் காலடியில் நின்றது.

"பாத்தியா, நான் ஊதலைன்னா என்ன ஆகுதுன்னு?" என்றது விசில். அதற்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் காலைப் பயிற்சியில், பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே விசில் அலறியது.