மேடம் வைத்த பரீட்சை

"ஆப்பிள் நூத்தம்பது கிராம், மேடம்," என்றார் மாஸ்டர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

"அது எடை. நான் கேட்டது மாவுச்சத்து."

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமால்ல. முக்கால்வாசிக்கு மேல தண்ணி. அதுபோக இருபது கிராம் இருக்கும்."

"சரி. அடுத்தது."

மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாவுச்சத்து என்று தராசு இல்லாமல் சொல்ல வேண்டும். ஐந்து கிராம் முன்னே பின்னே போகலாம். அதைத் தாண்டினால் ஃபெயில். மாஸ்டர் தேறினால்தான் நாளைக்கு மலைப் பயணம் என்பது ஒப்பந்தம்.

அவர் பள்ளி விளையாட்டு ஆசிரியர். வருடா வருடம் மூன்று நாள் மலையேற்றத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர். இருபது வருடமாக விசில் ஊதி ஊரையே ஓடவிட்ட மனிதர், இப்போது எதிரே இருப்பவரின் புருவம் லேசாக உயர்ந்தாலே எச்சில் விழுங்கினார். 'மேடம்' என்பது அவர் வைத்த பெயர்தான். இந்த விஷயத்தில் மேடத்துக்கு மூன்று வருட அனுபவம்.

"அவிச்ச முட்டை, பூஜ்யம். பிரெட் ரெண்டு துண்டு, முப்பது. ஒரு டம்ளர் பால், பத்து," என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தார் மாஸ்டர். கடைசித் தட்டில் நான்கு பிஸ்கட்டுகளும் அவற்றின் உறையும் இருந்தன. உறையை எட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. "இதுவும் பூஜ்யம்."

"எப்படி?"

"சர்க்கரை இல்லைனு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே."

"மாவு இல்லைனு போட்டிருக்கானா?"

அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி சிரித்துவிட்டார். மாஸ்டர் உறையைத் திருப்பினார். பின்பக்கம், பொடி எழுத்தில், மொத்த மாவுச்சத்து என்ற வரி. நான்கு பிஸ்கட்டுக்கு இருபத்தெட்டு கிராம்.

"ஃபெயில்," என்றார் மேடம்.

இது மூன்றாவது தோல்வி. முதல் முறை உருளைக்கிழங்கைக் காய்கறிதானே என்று கணக்கில் விட்டிருந்தார். இரண்டாம் முறை பழச்சாற்றைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"அஞ்சுக்கு நாலு சரிதானே, மேடம்," என்று கெஞ்சினார் மாஸ்டரின் மனைவி. "நாளைக்குக் காலைல பஸ். கொஞ்சம் பார்த்து மார்க் போடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"ரத்தத்துக்குத் தெரியும், ஆன்ட்டி," என்றார் மேடம் அமைதியாக. அந்தக் குரலில் கோபமே இல்லை. "ஒரு மணி நேரம் தர்றேன். மதியச் சாப்பாட்டை வெச்சு இன்னொரு பரீட்சை."

அந்த ஒரு மணி நேரம் மாஸ்டர் சமையலறையையே கவிழ்த்துப் போட்டார். சின்ன உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். பிறகு தராசில் வைத்தார். முட்டையளவு கிழங்கில் மாவுச்சத்து பத்து கிராம். உள்ளங்கை கொள்ளும் அவித்த பீன்ஸ், ஐந்து. இந்த மாவுச்சத்துதான் வயிற்றில் சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் செல்களுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டால், ஊசியில் போகும் அளவும் தட்டில் இருக்கும் அளவும் பொருந்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இது புரியப் புரிய மாஸ்டருக்கு வியப்பு தாங்கவில்லை.

"வேளாவேளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டும் திரியறதுன்னா சும்மாவா?" என்றார் மனைவியிடம்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க சமையல்கட்டுல ஒரு மணி நேரம் நின்னதே எனக்கு அதிசயம்," என்றார் அவர்.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. பிரெட், கிழங்கு, பீன்ஸ், முட்டை.

"முப்பது, பத்து, அஞ்சு, பூஜ்யம். மொத்தம் நாப்பத்தஞ்சு," என்றார் மாஸ்டர். "பதினஞ்சு கிராமுக்கு ஒரு யூனிட். ஆக மூணு யூனிட். இப்ப விரல்ல குத்திப் பார்த்த ரத்தச் சர்க்கரை எண் சரியா இருக்கு. அதனால கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"மலை ஏறுற அன்னைக்கும் மூணா?"

"இல்ல. நடக்கும்போது உடம்பே சர்க்கரையை எரிக்கும். டாக்டர் எழுதின தாள்ல உள்ளபடி குறைக்கணும்."

"நடுவழியில கை நடுங்குது, வேர்க்குது."

"அங்கேயே உட்காரணும். அரை டம்ளர் பழச்சாறு. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பார்க்கணும். எண் ஏறாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது, கூட வர்ற முப்பது பேரும் காத்திருந்தாலும் சரி."

மாஸ்டர் இன்சுலின் பேனாவைத் திருகி மூன்றில் நிறுத்தி நீட்டினார். மேடம் அதை வாங்கி, எண்ணைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

"பாஸ்."

அழைப்பு மணி அடித்தது. மாஸ்டரின் மனைவி கதவைத் திறக்க, மேடம் நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினாள்.

"அம்மா, இந்தக் கணக்குப் போடத் தெரிஞ்ச ஆள் கூட வந்தாத்தான் மலைக்கு அனுப்புவேன்னு சொன்னீல்ல? மாஸ்டர் பாஸாயிட்டாரு."

தன் பயணத்தைத் தானே மூன்று முறை ஃபெயிலாக்கியிருந்த அந்த நாலாம் வகுப்புக்காரி, சாப்பாடு ஆறிவிடும் என்று திரும்பி வந்து, பேனாவை எடுத்துக்கொண்டு தன் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.