ஆறாவது சனிக்கிழமை

"இதான் கடைசி வாரம் சார். அடுத்த சனிக்கிழமைலேர்ந்து ஃபுல் ஷிஃப்ட் வந்துடறேன்" என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள் மெர்சி.

மறுமுனையில் பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் சூப்பர்வைசர் கன்னடத்தில் ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டார். அவள் போனைப் பைக்குள் போட்டுக் கண்களை அழுத்தித் தேய்த்தாள். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் உள்ள அந்தச் சின்னப் பல் கிளினிக்கில், ஆறாவது சனிக்கிழமையாக அதே பிளாஸ்டிக் நாற்காலி.

பக்கத்தில் அப்பா சாமுவேல் உட்கார்ந்திருந்தார். கோலார் தங்கவயலில் விடியற்காலை ரயிலைப் பிடித்து, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருந்தார்.

"லீவு தர மாட்டேங்கறாங்களா?" என்றார்.

"அரை நாள் பர்மிஷனுக்கே மூஞ்சத் தூக்கறாங்க."

"நான்தான் மொதல்லயே சொன்னேனே. ஆடற பல்லு ரெண்டு. புடுங்கிப் போட்டா ஒரே நாள்ல வேல முடிஞ்சிருக்கும். இதுக்குப் போயி வாரா வாரம் அலைச்சல்."

"எனக்கு மட்டும் ஆசையாப்பா? ரெண்டு பஸ்ஸு மாறி வரேன். பல்லு நல்லாத்தான் இருக்கு, ஈறுலதான் நோய், அத குணப்படுத்தினா பல்லு நிக்கும்னு டாக்டர் சொல்றாங்க. என்ன பண்றது."

இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மூன்று வருடங்களாக அவர்களுக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது. அம்மாவை அடக்கம் செய்த அன்று, "நீ பெங்களூர்ல இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்கு அவளக் கூட்டிட்டுப் போனியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் சாமுவேல். "நீ எங்கிட்ட சொன்னாத்தானே தெரியும்" என்று அவளும் கத்தினாள். அதோடு சரி.

பக்கத்து வீட்டு எலிசபெத் ஆன்ட்டி போன் செய்திருக்காவிட்டால் இந்தக் கிளினிக்கும் இல்லை. "உங்கப்பா மூணு வேளையும் கஞ்சிதான் குடிக்கறாரு மெர்சி. தலகாணியெல்லாம் ரத்தமா இருக்கு" என்று அவர் சொன்ன மறுநாளே மெர்சி விசாரித்து இங்கே நேரம் வாங்கினாள்.

ஒவ்வொரு வாரமும் கிளினிக்கில் வேலை முடிந்ததும் அப்பா ஸ்டேஷனுக்கு நடப்பார். அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். வீட்டுக்கு வா என்று அவள் கூப்பிட்டதில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்டதில்லை. பேச்செல்லாம் பல்லைப் பற்றித்தான்.

"ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தேச்சியா?"

"தேச்சேன்."

"அழுத்தித் தேய்க்கலயே? பிரஷ்ஷ ஈறு ஓரத்துல சாச்சு வெச்சு, மெதுவா பண்ணணும்."

"தெரியும் மெர்சி. பல்லிடுக்குல விடற குட்டி பிரஷ்ஷும் விட்டேன். ரத்தம் வரல."

"பொயில?"

"அத உட்டு முப்பத்தஞ்சு நாளாச்சு."

நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். சாமுவேல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

சுத்தம் செய்யும் மெஷினின் கீச்சொலி ஐந்து நிமிடம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. கதவு மட்டும் வெகுநேரம் திறக்கவில்லை. மெர்சி சுவரில் தலையைச் சாய்த்தாள். அப்படியே கண் அசந்துவிட்டது.

"டாக்டர் உன்னக் கூப்புடறாங்க" என்ற குரல் கேட்டு விழித்தாள். அப்பா எதிரில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "சீக்கிரம் கேட்டுட்டு வா. டிரெயினுக்கு நேரமாச்சு."

டாக்டர் தாரணி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெர்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நல்லபடியா ஆயிடுச்சு மெர்சி" என்றார் டாக்டர். "வீக்கம் வத்திடுச்சு. ஈறு பல்ல நல்லா புடிச்சுக்கிச்சு. புடுங்கணும்னு அவரு சொன்ன ரெண்டு பல்லுகூட இப்ப ஆடல. வீட்ல இதே மாதிரி தேச்சு, பொயில பக்கம் போகாம இருந்தாப் போதும். இனிமே வாரா வாரம் வர வேண்டியதில்ல. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ காட்டுங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

மெர்சி எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"மூணு மாசமா டாக்டர்?"

"ஆமா. ஏன், வலி ஏதாவது இருக்குன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் இல்ல." மூடியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. இன்னும் முழுசா சரியாகல, வாரா வாரம் வந்தாத்தான் ஆகும்னு அப்பா கிட்ட சொல்லுங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா வாயப் பாத்து அனுப்பினாப் போதும்."

டாக்டர் அவளையே பார்த்தார். "வெளிய உக்காந்துட்டு ரெண்டு பேரும் வாரா வாரம் சலிச்சுக்கறது எனக்கு உள்ள வரைக்கும் கேக்குதேம்மா."

"சலிச்சுக்கலன்னா வேற என்ன பேசறதுன்னு தெரியல டாக்டர்." கைப்பையின் வாரை விட்டாள். "பல்லு சரியாயிடுச்சுன்னா அவரு வர மாட்டாரு. வான்னு கூப்பிட எனக்கு வாயும் வராது."

டாக்டர் பேனாவை எடுத்து, அப்பாவின் சீட்டில் அடுத்த சனிக்கிழமைத் தேதியை எழுதினார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"இப்பதான் உங்கப்பாவும் இதையே கேட்டுட்டுப் போனாரு."