நெஞ்சில் பதினோரு கிராம்

குளிப்பாட்டிய உடலின் நெஞ்சில் கருவியை வைத்தாள், சுரங்கக் கம்பெனியின் ஆய்வாளர் ரெஜினா. நுரையீரலில் பதினோரு கிராம் தாது என்றது கருவி. சுரங்கத்துத் தாது எங்கே படிந்திருந்தாலும் அது கம்பெனியின் சொத்து. வெளியே பாடையும், உடலை எடுத்துப்போக வந்த கம்பெனி வண்டியும் காத்திருந்தன.

"இருபது வருஷமா இருமுனாரு," என்றாள் பூவாயி. கணவனின் கையை அவள் விடவில்லை. "நெஞ்சுல தூசியே இல்ல, எல்லாம் பீடின்னு எழுதிக் குடுத்தான் உங்க டாக்டரு. அந்த மனுசன் பீடியத் தொட்டதே இல்ல. இப்ப மட்டும் எங்கருந்து வந்துச்சு? சொல்லு தாயி."

ரெஜினா கருவியை அணைத்தாள். "அந்தச் சீட்டு இருக்காக்கா?"

பூவாயி அதை அவள் முன்னால் விட்டெறிந்தாள். குனிந்து எடுத்துப் படித்த ரெஜினா, படிவத்தில் 'தாது' என்ற கட்டத்தைத் தாண்டி, 'கழிவுப் பாறை' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

"கழிவா? எம்புருசனா?"

"கழிவக் கம்பெனி தொடாதுக்கா. ஆபீஸ்ல கேட்டா, கம்பெனி டாக்டரே தூசி இல்லன்னு எழுதியிருக்காருன்னு சொல்லிக்கிறேன். சீக்கிரம் பாடையத் தூக்கச் சொல்லுங்க."

பூவாயியின் கோபம் தணியவில்லை. ஆனாலும் ஒரு பிடி அரிசியை அள்ளி ரெஜினாவின் கையில் வைத்தாள்.

"வாய்க்கரிசி போட்டுட்டுப் போ."