நாலு டீ

அன்று அந்தத் தையல் கூடத்தில் இருந்தவர்கள்: துணி வெட்டுபவர், மெஷினில் ஐந்து பெண்கள், இஸ்திரிக்காரர், பொத்தான் தைக்கும் அக்கா, மேற்பார்வையாளர். மொத்தம் ஒன்பது பேர். முதலாளி தனி.

காலையில் வந்ததும் முதலாளி சுற்றி வளைக்கவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு எல்லார் எதிரிலும் சொன்னார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தாகணும். எட்டுப் பேருக்குன்னா தாங்கும். ஒன்பதாவது ஆளுக்கு வழியில்ல. யாரை நிறுத்தலாம்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடுங்க."

பொத்தான் அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். வலது பெருவிரல் வீங்கி ஒரு மாதமாகிறது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நேரே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பயத்தில் ஊசி விரலில் ஏறியது. பொத்தான் ஒன்று உருண்டோடியது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு டீ குடிக்கப் போனார். வந்தார், முடிந்த சட்டைகளை எண்ணினார், ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்றார். மறுபடி டீ.

"நாலாவது டீ! நம்மள விரட்டுறதுக்குக் கணக்கெழுதிட்டு இவரு மட்டும் ஊர் சுத்துறாரு" என்றாள் முதல் மெஷின்காரி.

"வயிறா அது, பீப்பாயா?" என்றார் இஸ்திரிக்காரர். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

ஐந்து மணிக்கு அக்கா கேட்டே விட்டாள்.

"என்னைத்தானே சார் எழுதியிருக்கீங்க? சொல்லிடுங்க. இப்படிக் கழுகாட்டம் தலைக்கு மேல நின்னா யாருக்குக் கை ஓடும்?"

"ஓடலதாம்மா" என்றார்.

முதலாளி வந்து காகிதத்தை வாங்கினார். நெற்றி சுருங்கியது.

"என்னய்யா இது? ஆள் பேரையே காணோம். மணிக்குப் பதினொரு சட்டை, மணிக்குப் பதினாலு சட்டைன்னு ரெண்டே வரி?"

"முதல் வரி, நான் பக்கத்துல நிக்கும்போது சார். ரெண்டாவது, நான் டீக்குப் போயிருந்தபோது."

ஒவ்வொரு மெஷினாக நின்றது.

முதலாளி காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் கையில் கட்டினார். சாப்பாட்டுப் பையை எடுத்தார். போகிற வழியில் குனிந்து, காலையில் உருண்டோடிய பொத்தானைப் பொறுக்கி அக்காவின் டப்பாவில் போட்டார்.

ஒன்பதில் மீதி எட்டு.