முழு மனதான ஆதரவு

கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில் பிரான்சுவாவிடம் கப்ரியேல் தோற்ற மறுநாள் காலையிலேயே, கட்சிச் செயலாளர் அச்சடித்த ஓர் அறிக்கையோடு வந்து நின்றார்.

"சைகோன் நகரசபைத் தேர்தலில் நண்பர் பிரான்சுவாவையே முழு மனதாக ஆதரிக்கிறேன்னு போட்டிருக்கோம், முசியே. கீழே ஒரு கையெழுத்து மட்டும்."

"நேத்து ராத்திரிதானே வாக்கு எண்ணினீங்க? இது எப்போ அச்சாச்சு?"

"போன வாரம். சண்டை முத்தினா சோலோன் பேட்டை அச்சகக்காரன் கடையைப் பூட்டிடுவானேன்னு..."

"அப்போ நான் தோத்தது எனக்கு முன்னாடி அச்சுக் கோக்கிறவனுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே பீரங்கி சுடுது, உள்ளே இந்த அசிங்கம். கிளம்பிப் போய்யா."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஸுக்கு நெஞ்சு நிறைந்தது. பார்த்த துரைக்கெல்லாம் குனிந்தே பழகிய மனிதர், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் நிமிர்ந்திருக்கிறார். இனி கோயிலில் நாலு பேர் முகத்தை அவளும் நேராகப் பார்க்கலாம்.

ஞாயிறு பூசைக்கு அவருடைய வெள்ளைக் கோட்டைத் தேய்த்து வைக்கலாமென்று எடுத்தாள். உள்பையில் ஒரு காகிதம் இருந்தது. அதே அச்சகம், போன வாரத் தேதி. 'நண்பர் கப்ரியேலையே முழு மனதாக ஆதரிக்கிறேன். இப்படிக்கு, பிரான்சுவா.' கீழே பிரான்சுவாவின் கையெழுத்தும் இருந்தது, அவள் கணவரின் சாய்ந்த எழுத்தில்.

"இது என்னங்க?"

கப்ரியேல் எட்டிப் பார்த்தார். "அரசியல்னா முன்யோசனை வேணும், ரோஸ்."

ரோஸ் கோட்டைத் தேய்க்காமலே அவர் மடியில் போட்டாள்.

"அந்த ஆளாவது உங்க கையெழுத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்."