நாத்தனாரின் குண்டு

சோதனைக் கூடத்தில் வெடிமருந்துப் புகை விளக்கடியில் நீலமாகத் தொங்குகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் எங்கள் அதிகாரியும். அந்தப் பக்கம், ரைஃபிளுக்குப் பின்னால், காதுமூடியைக் கழற்றியபடி என் நாத்தனார். அவள் வடிவமைத்த குண்டின் வேகம் திரையில் பளிச்சிடுகிறது. "அடேயப்பா! வேகம் ரெண்டு மடங்குன்னா சக்தி நாலு மடங்காச்சே!" என்று அதிகாரி குதிக்கிறார். நான் வடிவமைத்த குண்டுகளுக்கெல்லாம் அவர் தலையாட்டியதோடு சரி. வேகமானி துப்பாக்கிக் குழல் வாய்க்கு மிக அருகில் நிற்பதை நான் முன்பே பார்த்துவிட்டேன். குண்டுக்கு முன்னால் பாய்ந்த வெடிக்காற்றைத்தான் அது அளந்திருக்கிறது. நாளை மேலிடத்தில் அவள் மூக்குடைபடட்டும் என்று வாயை இறுக்கிக்கொள்கிறேன். ஒலிபெருக்கி கரகரக்கிறது. "அண்ணி, கருவிய ரொம்பக் கிட்ட வச்சிட்டேன். இந்த வேகம் தப்பு. தள்ளி வச்சு இன்னொரு தடவ சுடுறேன்." கண்ணாடி அதிர்கிறது. காலித் தோட்டாவின் பித்தளைக் கூடு தரையில் உருண்டு என் பக்கச் சுவரில் முட்டி நிற்கிறது. திரையில் இப்போது என் பழைய குண்டைவிடக் குறைந்த வேகம். எனக்குச் சிரிப்பு வாய்வரை வந்துவிடுகிறது. அதிகாரி என் பக்கம் திரும்புகிறார். "பாத்தீங்களாம்மா, தன் தப்பத் தானே சொல்லுது! இந்த மாதிரி ஆளுதான் நமக்கு வேணும்!" பாராட்டு இரண்டு மடங்காகிவிட்டது. என் வயிற்றெரிச்சல், அதே கணக்குப்படி, நான்கு மடங்கு.