அதே மாடல்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். மாமியார், மூத்த மருமகள், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் இளைய மருமகள், கம்ப்யூட்டர் மெக்கானிக். ஆண்பிள்ளைகள் இருவரும் வேலைக்கும், மூத்தவளின் குழந்தை பள்ளிக்கும் போயிருந்தார்கள்.

லேப்டாப் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு. மூத்தவள் வாங்கிய மூன்றாவது மாதம் இளையவளும் அதையே வாங்கி வந்தாள்.

"ஏன், கடையில வேற மாடலே இல்லையாமா?" என்று அன்றைக்கு ஆரம்பித்த புகைச்சல் இன்னும் அடங்கவில்லை.

இரண்டில் மூத்தவளுடையது காலையில் படுத்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: டிஸ்க் இல்லை.

நாலு மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் பரீட்சை. குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருஷம் கழித்து வந்திருக்கும் ஒரே அழைப்பு. இதை விட்டால் வயசு வரம்பு தாண்டிவிடும்.

"சின்னவளோடதுல எழுதேன். ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் மாமியார்.

"இரவல் எனக்கு வேண்டாம் அத்தை. நாளைக்கு எனக்கு வேலை கிடைச்சா, 'என் லேப்டாப் புண்ணியம்'னு ஊரெல்லாம் சொல்லுவா. காலம் பூரா அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

இளையவள் காதில் விழத்தான் சொன்னாள். விழுந்தது.

மெக்கானிக் லேப்டாப்பைக் கவிழ்த்துக் கழற்றினார். மூத்தவள் பக்கத்தில் நின்று ஸ்க்ரூவை எண்ணினாள். அடிமூடிக்குப் பத்து, உள்ளே டிஸ்க்குக்கு நாலு. பதினாலும் ஒரு சின்னக் கிண்ணத்துக்குப் போயின.

"ஹார்ட் டிஸ்க் போச்சு மேடம். கடையில புதுசு இருக்கான்னு பார்க்கிறேன். இல்லேன்னா நாளைக்குத்தான்."

"நாளைக்கு வந்தா அதைத் தலைக்கு வெச்சுப் படுத்துக்கவா?"

"இன்னொண்ணும் சொல்லிடறேன். புது டிஸ்க்ல ரெகவரி இருக்காது."

"அப்படின்னா?"

"மெஷின் ஸ்டார்ட் ஆகறப்போ எஃப் பதினொண்ணை அமுக்கினா நீலமா ஒரு திரை வரும். அதுல போனா, எல்லாம் துடைச்சு வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி ஆயிடும். அதைக் கம்பெனிக்காரன் டிஸ்க்ல ஒரு மூலையில ஒளிச்சு வெச்சு அனுப்புவான். டிஸ்க் போனா அதுவும் கூடவே போச்சு."

"திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"முடியும். இதே மாடல் மெஷின்லேர்ந்து பென்டிரைவ்ல காப்பி எடுக்கணும். முழுசா ஒரு நாள் ஆகும். இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"காப்பி அடிக்கத்தான் இந்த வீட்டுல ஆள் இருக்கே!"

இளையவள் தன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மெக்கானிக் கடைக்குப் போய்த் திரும்பியதைச் சமையலறை ஜன்னல் வழியாக மூத்தவள் பார்த்தாள். வாசலிலேயே இளையவள் அவரை மறித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் விடவில்லை. கடைசியில் அவர் சிரித்துவிட்டார்.

"பாருங்க அத்தை, என் மெஷினைப் பார்க்க வந்த ஆளோட அவளுக்கு என்ன குசுகுசு? எதுலயும் அவ மூக்கு இருந்தாகணும்!"

இளையவள் உள்ளே வந்தாள். "டிஸ்க் கிடைச்சிடுச்சுக்கா. என் ரூம் மேசையில வெச்சு மாட்டச் சொல்றேன்."

லேப்டாப்பும் கிண்ணமும் அவள் அறைக்குப் போயின. கதவு சாத்திக்கொண்டது.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளிருந்து அவள் போன் பேசுவது கேட்டது. "இன்னிக்கு வேலை பார்க்க முடியாது சார். என் சிஸ்டம் படுத்துடுச்சு. ஆமா சார், நாளைக்கும் அரை நாள் லீவு."

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டீங்களா? படுத்தது என்னோடது, லீவு அவளுக்கு! வாயைத் திறந்தா அண்டப்புளுகு. இவளைத்தான் கெட்டிக்காரின்னு தலையில வெச்சு ஆடுறீங்க."



மூன்று மணிக்கு லேப்டாப் கைக்கு வந்தது. எல்லாம் துடைத்து, வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. நாலு மணிக்கு உட்கார்ந்து, ஐம்பது கேள்வியில் நாற்பத்தாறுக்குத் தயங்காமல் பதில் போட்டாள்.

ஆறு மணிக்கு, மெக்கானிக் சொன்னதைச் சரிபார்க்கத் தோன்றியது. எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் இல்லை அவள். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, எஃப் பதினொன்றை அமுக்கினாள்.

நீலத் திரை வந்தது. ரெகவரி.

மறுபடி அணைத்துப் போட்டாள். மறுபடி வந்தது.

புது டிஸ்க்கில் இருக்காது என்றாரே? கம்பெனியிலிருந்து இதே மாடலோடு வந்த டிஸ்க்கில்தானே இருக்கும்?

நேரே இளையவள் அறைக்குப் போனாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை நல்லா எழுதினீங்களாக்கா?"

மூத்தவள் மேசையில் இருந்த அவளுடைய லேப்டாப்பைத் திறந்து பட்டனை அமுக்கினாள்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: டிஸ்க் இல்லை.

"அது... புதுசு நாளைக்குத்தான் வருதாம்க்கா. என் ஃபைலெல்லாம் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு. அந்தப் புது டிஸ்க்கை எனக்குப் போட்டுக்கறேன்." இளையவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "நீங்கதான் இரவல் வேண்டாம்னு சொன்னீங்களே."

பக்கத்தில் கிண்ணம் இருந்தது. பதினாலும் திரும்ப மாட்டியாகிவிட்டதென்றால் அது காலியாகத்தான் இருக்க வேண்டும். மூத்தவள் எட்டிப் பார்த்து எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரமும் எண்ணினாள்.

மிச்சம் நாலு ஸ்க்ரூ.